கையடக்க ஜி.பி.எஸ். கருவியை மோட்டார் சைக்கிளில் பூட்டி ஓடுவது: திருகோணமலைப் பாதைகளுக்கு ஏற்றபடி

கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ், ஜி.பி.எஸ்.மெப் போன்ற கையடக்கக் கருவிகள் நடந்து திரிகிறவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றை மோட்டார் சைக்கிளில் பூட்டும்போது செய்மதி பிடிக்காதோ என்றுதான் பலரும் முதலில் கவலைப்படுகிறார்கள். திருகோணமலையில் அந்தக் கவலை தேவையில்லை. கடற்கரைப் பாதையிலும் வயல்வெளியிலும் வானம் திறந்து கிடக்கிறது. உயர்ந்த கட்டடங்களும் குறைவு. ஆளைக் கைவிடுவது அதிர்வும், மின்சாரம் எடுத்த வயரும், வீட்டில் சரிபார்க்காமல் விட்ட செட்டிங்கும்தான்.

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நகருக்குள் ஓடுவதற்குத் தொலைபேசியே போதும். ஆனால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மத்தியான வெயிலில் ஹாண்டிலில் வைத்த தொலைபேசி சூடேறி, திரை தானாக மங்கும். பிறகு சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும். மழை பட்டால் தொடுதிரை விரலுக்கு மசியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளின் அதிர்வு தொலைபேசிக் கமராவின் நடுக்கம் தவிர்க்கும் பாகத்தைப் பழுதாக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 இல் எச்சரித்தது. கையடக்கக் கருவியின் திரை வேறு வகை. வெயில் பட்டால் அந்த வெளிச்சத்தையே வாங்கித் தெளிவாகத் தெரியும். பகலில் பின்விளக்கை முழுவதுமாக அணைத்து வைக்கலாம். இரண்டு டபுள் ஏ பற்றரியில் ஓடும். அந்தப் பற்றரி எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும்.

எந்த மாதிரி என்று தேடுகிறவர்கள் ஈட்ரெக்ஸ் 10 ஐத் தவிர்க்க வேண்டும். அதில் வரைபடம் ஏற்ற முடியாது. ஈட்ரெக்ஸ் 20, 30, அவற்றின் பின் வந்த 22 எக்ஸ், 32 எக்ஸ், அல்லது ஜி.பி.எஸ்.மெப் 64 வரிசை பொருந்தும். 22 எக்ஸ் ஒரு சோடி பற்றரியில் 25 மணித்தியாலம், 64 வரிசை 16 மணித்தியாலம் ஓடும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. பின்விளக்கு எரிய எரிய அது குறையும். ஈட்ரெக்ஸில் பெரும்பாலும் ஒரு சிறிய தடிபோன்ற பொத்தானை எல்லாப் பக்கமும் தள்ளித்தான் இயக்க வேண்டும். கையுறையோடு அது சிரமம். 64 இல் திரைக்குக் கீழே பெரிய பொத்தான்கள் இருப்பதால் பைக்குக்கு அதுதான் வசதி. தடிப்பாகவும் பாரமாகவும் இருப்பது அதன் குறை.

பூட்டும் முறை

கருவிக்கென்று விற்கப்படும் சைக்கிள் பிடியை மோட்டார் சைக்கிளில் பாவிக்க வேண்டாம். கேபிள் டையால் கட்டும் அந்தப் பிளாஸ்டிக் பிடி மிதிவண்டிக்குத்தான் சரி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் நடுக்கத்தில் அதன் நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒரு பள்ளத்தில் கருவி வழுக்கி வெளியே வந்துவிடும். வேண்டியது உருண்டை மூட்டுள்ள பிடி. ராம் என்ற பெயரில் வருவதும் அதைப் பார்த்துச் செய்தவையும் கிடைக்கின்றன. மூன்று துண்டு இருக்கும்: ஹாண்டிலைச் சுற்றும் யூ போல்ட் அடி, நடுவில் இறுக்கும் கை, கருவியின் மாதிரிக்கென்றே வார்த்த தொட்டில். உருண்டை ஒரு அங்குல அளவாக இருக்கட்டும். கை குட்டையானது, ஏறத்தாழ 6 செ.மீ. நீளக் கை பார்வைக்கு வசதியாக இருக்கும், ஆனால் அதிர்வைப் பெருப்பிக்கும்.

நம்முடைய வீதிகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் ஹாண்டில் குழாய் 22 மி.மீ. பழைய ரியூப்பில் 3 செ.மீ. அகலத் துண்டு ஒன்று வெட்டி, குழாயில் ஒரே சுற்றாகச் சுற்றி, அதன்மேல் யூ போல்ட்டைப் பூட்டுங்கள். இரண்டு சுற்றுச் சுற்றினால் ரப்பர் நெகிழ்ந்து பிடி மெல்லச் சுழலத் தொடங்கும். சாதாரண நட்டைக் கழற்றிவிட்டு உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டைப் போடுவது நல்லது. சாதாரண நட் நாளடைவில் தளரும். இரண்டு நட்டையும் மாறி மாறி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள்.

இடம் முக்கியம். ஹாண்டில் நுனியில் நடுக்கம் கூட, நடுவில் உள்ள கிளாம்புக்குப் பக்கத்தில் குறைவு. ஆகவே கிளாம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்துக்குள் பூட்டுங்கள். பூட்டிய பிறகு ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். கருவியோ வயரோ பெற்றோல் டாங்கியில் முட்டக்கூடாது, கிளச் கேபிளில் உரசக்கூடாது. வேகமானியையும் எச்சரிக்கை விளக்குகளையும் மறைக்கக்கூடாது.

கருவியின் சாய்வையும் கவனியுங்கள். ஈட்ரெக்ஸை வானத்தைப் பார்த்து மல்லாந்தபடி, உங்கள் முகத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து வைக்கலாம். மேலே கட்டைக் கொம்பு போல அன்டெனா நீட்டியிருக்கும் 64 வகையைக் கூடுதலாக நிமிர்த்தி வைக்க வேண்டும். அது நிமிர்ந்து நிற்கும்போது செய்மதியை நன்றாகப் பிடிக்கும்.

எவ்வளவு நல்ல பிடியானாலும் ஒரு கயிறு கட்டாயம். 2 மி.மீ. நைலோன் கயிற்றைக் கருவியின் துளையில் கோத்து, ஹாண்டில் குழாயில் கட்டுங்கள். கிளச் கேபிளிலோ பிரேக் குழாயிலோ கட்டக்கூடாது. கருவி கழன்று தொங்கினால் முன் சில்லு வரை எட்டாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்கட்டும், ஒரு சாண் போதும்.

ஓடும்போது கருவி அணைவது ஏன்

இது மிகவும் பரவலான குறை. பலர் இதைக் கருவி பழுதென்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது கருவி மணிக்கணக்கில் எரியும். தார் உடைந்த துண்டில் ஏறியவுடன் அணையும். பொத்தானை அழுத்தினால் மறுபடியும் வரும்.

பின்மூடியைத் திறந்து பாருங்கள். இரண்டு பற்றரியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் தட்டைத் தகடு, மறு முனையில் ஸ்பிரிங். ஒரு பற்றரி 25 கிராம் அளவு பாரம். பள்ளத்தில் குத்தும்போது அந்தப் பாரம் ஸ்பிரிங்கை நசுக்கி, தகட்டை ஒரு கணம் விட்டு விலகும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி போதும், கருவி நின்றுபோகும். விரல் நுனியால் பற்றரியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று அசைந்தால் காரணம் அதுதான்.

ரியூப் ரப்பரில், அல்லது பார்சல் சுற்றி வரும் மெல்லிய நுரைத் தாளில், 4 செ.மீ. நீளம் 2.5 செ.மீ. அகலமாக ஒரு துண்டு வெட்டுங்கள். தடிப்பு 1 மி.மீ., மிஞ்சினால் 1.5. மூடியின் உட்பக்கத்தில், இரண்டு பற்றரிக்கும் நடுவாக வரும்படி, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். மூடியைப் பூட்டும்போது இலேசாக அழுத்த வேண்டிவரும், அந்த அழுத்தம்தான் வேண்டியது. ஆனால் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முழுவதும் பதிந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டு தடிப்பாகி மூடி ஒரு மயிரிழை தூக்கி நின்றால், மழைத் தண்ணீர் அந்த வழியால்தான் போகும். அதன் பிறகு ஸ்பிரிங்கை ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரால் அரை மில்லிமீற்றர் வெளியே இழுத்துவிட்டு, தகடுகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் துடையுங்கள். கடற்காற்றுப் படும் ஊரில் அந்தத் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பூச்சு படிந்திருக்கும். அதுவும் தொடுப்பைக் கெடுக்கும்.

ஈட்ரெக்ஸின் பின்மூடி ஒரு சின்ன வளையத்தைத் திருப்பினால் திறக்கும். அதிர்வில் அந்த வளையம் எழும்பித் தானாகத் திரும்பக்கூடும். அதன்மேல் குறுக்காக ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

செட்டப்பில் பற்றரி வகையையும் சரியாகக் கொடுங்கள். திரும்பச் சார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றரி 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5. நிக்கலைப் போட்டுவிட்டு அல்கலைன் என்று விட்டிருந்தால், பற்றரி நிறையச் சார்ஜ் இருக்கும்போதே கருவி தீர்ந்துவிட்டதென்று காட்டும்.

பைக்கிலிருந்து மின்சாரம்

அரை நாள் ஓட்டத்துக்குப் பற்றரி மட்டுமே போதும். இரவில் பின்விளக்கோடு ஓடுகிறவர்களும், கொழும்புவரை போய் வருகிறவர்களும் பைக்கிலிருந்து எடுக்கலாம். வேண்டிய சாமான்: 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் கன்வேட்டர் ஒன்று, உள்ளே பிசின் ஊற்றி மூடியது, 1 அம்பியர் போதும், 2 என்றாலும் பரவாயில்லை, 2 அம்பியர் பியூஸும் அதற்கான கூடும், 0.75 சதுர மி.மீ. இரட்டை வயர் 2 மீற்றர், நசுக்கிப் பூட்டும் முனைகள், சூட்டில் சுருங்கும் குழாய், கேபிள் டை, ஒரு மல்டிமீற்றர்.

மல்டிமீற்றர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். காரணம், பழைய 100 சிசி பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் வயரில் வருவது பற்றரியின் நேர் மின்சாரமில்லை, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மெக்னெட்டிலிருந்து நேரே வரும் மாறு மின்சாரம். எஞ்சினை முறுக்க முறுக்க வோல்ட் ஏறும். சில பைக்குகளில் டெயில் லைட்டும் அப்படியே. கைக்கு எட்டிய வயரென்று ஹெட்லைட்டில் இணைத்தால் கன்வேட்டர் முதலில் போகும், அதன் பின்னால் கருவியும் போகலாம்.

ஆகவே சாவி போட்டால் மட்டும் மின் வரும், பற்றரியிலிருந்து வரும் ஒரு வயரைத் தேடுங்கள். பிரேக் லைட் சுவிட்சுக்குள் போகும் வயர் வழக்கமாக இதற்குப் பொருந்தும். மீற்றரை நேர் மின் 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸில் பிடித்து, சிவப்பு முனையால் அந்த வயரைத் தொடுங்கள். சாவி இல்லாதபோது பூச்சியம், சாவி போட்டால் 12 ஐ ஒட்டி, எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். எண் நிலைகொள்ளாமல் ஆடினால் அந்த வயரை விட்டுவிடுங்கள்.

கிடைத்த வயரிலிருந்து கிளை எடுக்கும் இடத்துக்குக் கிட்டவாகவே, 15 செ.மீ. தூரத்துக்குள், பியூஸ் வர வேண்டும். மைனஸை நிறம் பூசிய சட்டத்தில் பூட்டாமல் பற்றரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். இணைப்புகளை ஈயம் வைத்து ஒட்டுவதைவிட நசுக்கிப் பூட்டுவது பைக்குக்கு நல்லது. ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். வயரைக் குத்திப் பிடிக்கும் நீலக் கிளிப்புகள் கடற்கரை ஊருக்கு உதவாது. ஆறு மாதத்தில் உள்ளே துரு ஏறிவிடும்.

கன்வேட்டரைச் சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டு 5 வோல்ட் வயரை மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள். மலிவான கன்வேட்டர்கள் ரேடியோ இரைச்சல் கிளப்பும். கருவிக்குப் பக்கத்தில் இருந்தால், செய்மதி எவ்வளவு பிடிக்கிறதென்று திரையில் காட்டும் கோடுகள் சட்டென்று குட்டையாகும். செய்மதிப் பக்கத்தைத் திறந்து வைத்து, வயரைச் செருகியும் கழற்றியும் பார்த்தால் தெரிந்துவிடும். கோடு விழுந்தால் கன்வேட்டரை மாற்றுங்கள். வயர் டாங்கியின் கீழே, பைக்கின் சொந்த வயர்க் கற்றையோடு ஒட்டிப் போகட்டும். ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போதும். சிலிண்டர் தலைக்கு மேலாகக் கொண்டுபோக வேண்டாம். ஹாண்டில் திரும்பும் இடத்தில் ஒரு வளையம் தளர்வாக விடுங்கள்.

சாவியில்லாமல் நேரே பற்றரியில் பூட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. கருவி இல்லாவிட்டாலும் கன்வேட்டர் சும்மா குடிப்பது 10 மில்லி அம்பியர் என்று வைத்தால், நாளுக்கு 0.24 அம்பியர் மணி. சின்ன பைக்கின் 2.5 அம்பியர் மணிப் பற்றரி பத்து நாளில் காலி.

கருவியில் செருகும் முனை வளைந்ததாக, எல் வடிவில் இருக்க வேண்டும். நேராக நீட்டி நிற்கும் முனை அதிர்வில் ஒரு நெம்புகோலாகி, உள்ளே உள்ள துளையின் ஈயத்தை விடுவித்துவிடும். முனைக்கு 3 செ.மீ. தள்ளி வயரைத் தொட்டிலோடு கட்டிவிடுங்கள். இழுவை துளைக்குப் போகாது.

வயரைச் செருகியவுடன் கருவி கணினியில் செருகியதாக நினைத்து வரைபடத்தை மூடிவிடுகிறதா? செட்டப்பில் சிஸ்டம், அதற்குள் இன்டர்பேஸ், அதில் கார்மின் ஸ்பானர் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு செருகும்போது மாஸ் ஸ்டோரேஜுக்கு, அதாவது கணினியோடு கோப்பு மாற்றும் நிலைக்கு, போகவா என்று கேட்கும். இல்லை என்று கொடுத்தால் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் ஓடும். வெளி மின்சாரம் இருந்தாலும் உள்ளே பற்றரி இருக்கட்டும். சாவியை எடுத்தவுடன் வெளி மின் போய்விட்டது, அணையப் போகிறேன் என்று சில மாதிரிகள் எண்ணத் தொடங்கும். தொடர்ந்து வேண்டுமானால் பொத்தானை அழுத்துங்கள்.

வரைபடமும் செட்டிங்கும்

கருவியோடு வரும் அடிப்படை வரைபடம் பிரதான வீதிகளுக்கு மேல் காட்டாது. பலர் சேர்ந்து செய்யும் இலவச வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் தரவிலிருந்து கார்மினுக்கென்று செய்த இலங்கை வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த மைக்ரோ எஸ்.டி. அட்டையில் கார்மின் என்ற பெயரில் ஒரு போல்டர் திறந்து, ஐ.எம்.ஜி. என்று முடியும் அந்தக் கோப்பைப் போடுங்கள். அட்டை பற்றரிக்குக் கீழே போகும். இறக்கும்போது இடப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ள பதிப்பைத் தெரிவு செய்யுங்கள். இந்தக் கருவிகள் தமிழ் எழுத்தைக் காட்டுவதில்லை. யூனிகோட் பெயர்களோடு செய்த வரைபடத்தைப் புதிய கருவிகள் அங்கீகரிக்க முடியாதென்று சொல்லித் தள்ளிவிடும்.

அடுத்தது ஆள்கூறு. இதில் விழுகிற பிழை பெரிது. தொலைபேசியில் ஒருவர் அனுப்பும் இடம் 8.57, 81.23 என்று தசம பாகையில் வரும். கார்மினின் வழக்கமான அமைப்பு பாகையும் கலையும் (ஒரு பாகைக்கு 60 கலை). 8.57 ஐ அப்படியே 8 பாகை 57 கலை என்று அடித்தால் என்ன நடக்கும்? உண்மையில் 8.57 பாகை என்பது 8 பாகை 34.2 கலை. நீங்கள் அடித்தது 42 கிலோமீற்றர் வடக்கே, புல்மோட்டைக்கு நேரான கோட்டில் போய் நிற்கும். 81.23 ஐயும் அதே மாதிரி அடித்தால் 17 கிலோமீற்றர் கிழக்கே தள்ளும். திருகோணமலை நகரம் நடுக்கடலில் விழுந்துவிடும். கடலில் விழுந்தால் உடனே கண்டுபிடிக்கலாம். உள்நாட்டுப் பக்கம் குளமொன்றைத் தேடும்போது காட்டுக்குள் விழுந்தால் கண்டுபிடிப்பது கடினம். பொசிஷன் போர்மட்டை முதலிலேயே தசம பாகைக்கு மாற்றிவிடுங்கள்.

அதே பக்கத்தில் மெப் டேட்டம் என்று ஒன்று இருக்கும், ஆள்கூறை எந்த அடிப்படையிலிருந்து அளப்பது என்பது அது. அது டபிள்யூ.ஜி.எஸ். 84 ஆக இருக்கட்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள்களைப் பார்த்து இடம் எடுக்கிறவர்கள் மட்டும் பட்டியலில் உள்ள கண்டவள என்ற டேட்டத்துக்கு மாற்றி அடித்து, வேலை முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். மறந்தால் இடம் 200 மீற்றர் அளவில் விலகி நிற்கும். வயல்வெளியில் அது அடுத்த வாய்க்கால் வரம்பு.

காந்தத் திசைகாட்டி உள்ள மாதிரிகளில் அதை அணைத்துவிடுங்கள். ஹாண்டிலின் இரும்பும் டாங்கிப் பையின் காந்தமும் அதைக் குழப்பும். சந்தியில் நிற்கும்போது வரைபடம் தானாகச் சுழலும். அணைத்தால் ஓடும் திசையைச் செய்மதிக் கணக்கிலிருந்தே எடுக்கும். வரைபடம் ஓடும் திசை மேலே வரும்படி இருக்கட்டும். அளவை நகருக்குள் 120 மீற்றரிலும் வெளியே 500 மீற்றரிலும் வைத்தால் வசதி. தானாகப் பெருப்பிக்கும் வசதியை அணைத்துவிடலாம், திரை அடிக்கடி மாறுவது கண்ணை இழுக்கும். ரஷ்யாவின் செய்மதித் தொகுதியான குளோனாஸையும் சேர்த்துப் போட்டால் மரநிழலில் உதவும், பற்றரி கொஞ்சம் கூடக் குடிக்கும்.

வழியை நீங்களே கீறிக்கொண்டு போங்கள்

கருவி வழி காட்டும் முறை இரண்டு. போக வேண்டிய இடத்தைக் கொடுத்தால் தானே வீதிகளைத் தெரிவு செய்து வழி போடும், அது ரூட். நீங்கள் வீட்டில் கீறிய கோட்டை அப்படியே திரையில் காட்டும், அது டிராக். மோட்டார் சைக்கிளுக்கு டிராக்தான் நம்பகமானது. ரூட்டில் ஓரிடத்தில் தவறினால் கருவி திரும்பக் கணக்குப் போட்டு, நீங்கள் யோசித்து வைத்த வழியையே மாற்றிவிடும். டிராக் மாறாது. கோட்டை விட்டு விலகினால் கோடு பக்கத்தில் தெரியும், திரும்பி வந்தால் போதும்.

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போவதை எடுங்கள். நேர்கோட்டில் 13 கிலோமீற்றர் அளவுதான், இடையில் கொட்டியாரக் குடா. ரூட்டிங்கை நேர்கோட்டில் விட்டிருந்தால் கருவி கடலுக்கு மேலாகக் கோடு போட்டு 13 கிலோமீற்றர் என்று காட்டும். வீதியால் சீனக்குடா, கிண்ணியா என்று சுற்றிப் போனால் அதன் இரண்டு மடங்குக்கு மேல். பெற்றோலைக் கணக்கிடும்போது எந்தத் தூரத்தைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். வீதி வழி என்று கொடுத்தாலும் பழைய வரைபடம் ஏமாற்றும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல். அதற்கு முன் செய்த வரைபடத்தில் அந்த இடத்தில் பாதை அறுந்திருக்கும், அல்லது இழுவைப் படகென்று போட்டிருக்கும். படகைத் தவிர் என்று செட்டிங்கில் கொடுத்தவருக்குக் கருவி கந்தளாய்ப் பக்கத்தால் ஒரு பெரிய சுற்றைக் காட்டும். வடக்கே புல்மோட்டைக்கு மேல் கொக்கிளாய் நீரேரியின் வாயிலும் நேர்கோடு இதே ஏமாற்றைச் செய்யும்.

கணினியில் பேஸ் கேம்ப் என்ற கார்மினின் இலவச மென்பொருளில், அல்லது தொலைபேசியில் வழிக்கோட்டைச் சேமிக்கும் ஜி.பி.எக்ஸ். கோப்புச் செய்யும் எந்தச் செயலியிலும், வழியைக் கீறலாம். வளைவுகளில் புள்ளிகளை நெருக்கமாகவும் நேர்வீதியில் தூரமாகவும் வையுங்கள். கோப்பை கருவியின் கார்மின் போல்டருக்குள் ஜி.பி.எக்ஸ். போல்டரில் போட்டு, கருவியில் டிராக் மனேஜரைத் திறந்து, வரைபடத்தில் காட்டு என்று கொடுங்கள். நிறத்தைக் கடும் ஊதா அல்லது சிவப்பாக மாற்றுங்கள். நீலம் ஆற்றோடும் குளத்தோடும் கலந்து தெரியாது.

கோட்டுக்கு மேல் சில இடப்புள்ளிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோல் நிரப்பும் இடங்கள், ரயர் ஒட்டும் கடைகள், திரும்ப வேண்டிய சந்திகள். ஹபரணையிலிருந்து கந்தளாய்க்கு வரும் ஏ6 வீதியிலும் ஹொரவப்பொத்தானை வழியாக வரும் ஏ12 வீதியிலும் யானை கடக்கும் பலகைகள் நிற்கும் இடங்களைப் புள்ளியாக வைத்து, அணுகல் எச்சரிக்கையை 500 மீற்றருக்குக் கொடுத்தால், அந்தி நேரத்தில் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கலாம். எச்சரிக்கை ஒலி தலைக்கவசத்துக்குள் கேட்காது; திரையில் எழும்பும் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

வரைபடத்தில் பாதை இருப்பது திறந்திருக்கிறது என்பதற்குச் சான்றில்லை. சீனக்குடா விமானப்படைத் தளத்துக்குள்ளும் கடற்படையின் துறைமுகப் பகுதிக்குள்ளும் போகும் வீதிகளும் கோடாகத் தெரியும். தடை இருந்தால் திரும்புங்கள். மிதிவெடிப் பலகை உள்ள இடத்தில் கோடு எப்படிப் போனாலும் தாரை விட்டு இறங்க வேண்டாம்.

புறப்படும்போது

கருவியைப் போட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கொளுவுங்கள். அந்த நேரத்துக்குள் செய்மதி பிடித்துவிடும். பல மாதம் அணைந்து கிடந்த கருவி, அல்லது வேறு நாட்டிலிருந்து வந்தது, முதன்முறை 15 நிமிடம்வரை எடுக்கலாம். செய்மதிகளின் முழுப் பட்டியலை வானிலிருந்து இறக்க 12.5 நிமிடம் வேண்டும். அதை முற்றத்தில் ஒரே இடத்தில் வைத்துப் பிடிக்க விடுங்கள், ஓடிக்கொண்டே தேட விட்டால் இன்னும் இழுக்கும். பிறகு ட்ரிப் கணக்கைப் பூச்சியமாக்குங்கள். வேகத்தையும் பார்த்து வையுங்கள்: பைக்கின் வேகமானி வழக்கமாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், கருவி காட்டுவது உண்மைக்குக் கிட்டியது.

முதல் ஓட்டம் தெரிந்த வழியாக இருக்கட்டும். நகரிலிருந்து உப்புவெளி, நிலாவெளி போய்க் கன்னியாப் பக்கத்தால் திரும்பி வந்தால், தார், மணல், சரளை மூன்றிலும் பிடி எப்படி நிற்கிறதென்று தெரியும். நிலாவெளியில் நிறுத்தி எல்லா நட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். புதிதாகப் பூட்டிய ரப்பர் முதல் அரை மணியில் நசுங்கிவிடும், கட்டாயம் ஒருமுறை கூட இறுக்க வேண்டிவரும்.

50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் போகிறீர்கள். திரையை அந்த ஒரு விநாடிக்கு மேல் பார்க்க வேண்டியிருந்தால், அல்லது பொத்தானைத் தொட வேண்டியிருந்தால், இடதுபக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள்.

உப்பும் மழையும்

கருவி ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பது, யூ.எஸ்.பி. துளையின் ரப்பர் மூடி பூட்டியிருக்கும்போதுதான் நிம்மதி. வயர் செருகியிருந்தால் மூடி திறந்து நிற்கும். நவம்பர், டிசம்பர் மழையில் ஓடும்போது வயரைக் கழற்றிவிட்டு மூடியைப் பூட்டி, பற்றரியில் ஓடுங்கள். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக அந்தத் துளைக்குள் போனால் ஊசிகள் சில நாளில் கறுத்து அரிக்கப்பட்டுவிடும். கடற்கரையோரம் ஓடி வந்த அன்றே கருவியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிடியின் உருண்டைகளையும் கழுவுங்கள். உருண்டையில் எண்ணெய் பூசக்கூடாது. ரப்பர் வழுக்கத் தொடங்கும். கன்வேட்டரிலிருந்து வரும் முனை சும்மா தொங்கும்போது ஒரு சிறிய பொலித்தீன் பையால் மூடி, வாய்ப்பக்கம் கீழே பார்க்கக் கட்டிவிடுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் ஓடப் போவதில்லை என்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். அல்கலைன் கசிந்தால் முதலில் கெடுவது, நீங்கள் தேய்த்துத் துடைத்த அந்தத் தகடுகள்தான்.